தாபோ மடத்துக்கு ஜூன் விடுமுறையில்: மணாலி வழியா, சிம்லா வழியா?

செங்காங் வாணி:

வணக்கம். ஹிமாச்சலப் பிரதேசம், ஸ்பிதி பள்ளத்தாக்கில் இருக்கும் தாபோ பௌத்த மடத்தைப் பார்க்க வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் போகலாம் என்று இருக்கிறோம். நான்கு பேர்: நான், கணவர், 12 வயது மகன், 67 வயது மாமனார். எனக்கும் மகனுக்கும் சிங்கப்பூர்க் கடப்பிதழ். கணவர் நிரந்தரவாசி, மாமனார் சென்னையிலிருந்து வந்து டெல்லியில் சேர்ந்துகொள்வார். இவர்கள் இருவருக்கும் இந்தியக் கடப்பிதழ். மாமனாருக்கு இரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையால் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

கையில் 11 நாள். பயண முகவர் ஒருவர் டெல்லி, மணாலி, காசா (ஸ்பிதியின் தலைமை ஊர்), தாபோ என்று 7 நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அந்த வழி சரிதானா? அனுமதிச் சீட்டு யார் யாருக்கு வேண்டும்? மலைநோய்க்கு இங்கிருந்தே என்ன செய்துகொண்டு போக வேண்டும்? மடத்துக்குள் எதைத் தவறவிடக் கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனிமலைப் பிரியன்:

வாணி, முகவர் சொல்லும் திட்டத்தை ஏற்க வேண்டாம். சாலையைவிட உயரம்தான் இதில் ஆபத்து. மணாலி சுமார் 2,050 மீட்டர். அங்கே காலையில் கிளம்பினால் அடல் சுரங்கப்பாதை வழியாக மளமளவென்று மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். பிறகு 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைத் தாண்டி, அன்றிரவே 3,600 மீட்டருக்கு மேலே இருக்கும் காசாவில் படுக்க வேண்டும். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் உச்சியே 164 மீட்டர்தான். அந்த உயரத்தில் வாழ்ந்த உடம்பை ஒரே நாளில் அங்கே தூக்கி வைப்பது சரியில்லை.

இன்னொன்று. காசாவில் யாருக்காவது முடியாமல் போனால், மணாலிக்குத் திரும்ப மறுபடி குன்சும் ஏறித்தான் இறங்க வேண்டும். மலைநோய் வந்தவரை இன்னும் 900 மீட்டர் மேலே கொண்டுபோவது என்பது செய்யவே கூடாத காரியம். போதாததற்கு, ஜூன் தொடக்கத்தில் குன்சும் பனி அகற்றப்பட்டுத் திறந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. திறந்தாலும், அந்த வழியில் கிராம்பூ என்ற இடத்திலிருந்து பாத்தால் என்ற இடம் வரை சாலையை ஓடைகள் குறுக்கே கடக்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் பெருகிவிடும்.

சிம்லா வழி நீளம்தான், ஆனால் படிப்படியாக ஏறும். இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து டெல்லி. இரண்டாம் நாள் ரயிலில் சண்டிகர், அங்கிருந்து காரில் சிம்லா. மூன்றாம் நாள் சராஹன். பீமாகாளி கோயிலும் அங்கேதான், 2,200 மீட்டர் அளவு. நான்காம் நாள் ரெக்காங் பியோவில் அனுமதிச் சீட்டு வேலையை முடித்துக்கொண்டு கல்பா, 2,960 மீட்டர். ஐந்தாம் நாள் கல்பாவிலேயே ஓய்வு. அன்று எங்கும் போகாவிட்டால்கூடப் பரவாயில்லை, உடம்பு பழகும் நாள் அது. ஆறாம் நாள் தாபோ, சுமார் 3,280 மீட்டர். ஏழாம் நாள் முழுக்கத் தாபோ.

ஆறாம் நாள் பலர் நாக்கோவில் இரவு தங்குவார்கள், ஏரியும் பழைய கோயில்களும் இருப்பதால். ஆனால் நாக்கோ 3,600 மீட்டருக்கு மேல், அதாவது தாபோவைவிட உயரம். கல்பாவிலிருந்து நேரே அங்கே போய்ப் படுப்பது ஒரே தாவலில் 650 மீட்டருக்கு மேல். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தி, ஏரியைச் சுற்றிவிட்டு, இரவுக்குத் தாபோ இறங்கிவிடுங்கள்.

எட்டாம் நாளை உபரியாக வைத்திருங்கள். கின்னௌர் பகுதியில் மலைச்சரிவிலிருந்து கல் உருள்வது சாதாரணம். நாக்கோவுக்கு அருகே மாலிங் என்ற இடத்தில் சாலையே சரிந்துவிடுவதுண்டு. சாலை அடைபட்டால் அந்த நாள் அதற்குப் போய்விடும். அடைபடாவிட்டால் தங்கர் மடம் போய்வரலாம். 9, 10, 11 திரும்பும் நாள்கள். தினமும் காலை 7 மணிக்குள் கிளம்பி, மாலை 4 மணிக்குள் தங்குமிடம் சேரும்படி ஓட்டுநரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அனுமதிச் சீட்டு உங்களுக்கும் மகனுக்கும் மட்டும்தான். ஜங்கிக்கும் சும்தோவுக்கும் இடைப்பட்ட பகுதி திபெத் எல்லையை ஒட்டியது என்பதால் வெளிநாட்டவர் அனுமதி இல்லாமல் கடக்க முடியாது. இந்தியக் குடிமக்களுக்குத் தேவையில்லை. வெளிநாடுவாழ் இந்தியர் (OCI) அட்டை வைத்திருந்தாலும், கடப்பிதழ் சிங்கப்பூருடையது என்றால் அனுமதி வேண்டும். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பியோவில் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் கொடுப்பார்கள், அங்குள்ள பயண முகவர்கள் சிறு கட்டணத்துக்குப் படிவ வேலையைச் செய்து தருவார்கள். ஞாயிற்றுக்கிழமையோ அரசு விடுமுறையோ நான்காம் நாளில் விழாதபடி தேதியைப் பாருங்கள். நீங்களும் மகனும் சேர்ந்தே விண்ணப்பியுங்கள், நேரிலும் இருங்கள். கிடைத்த சீட்டை நான்கைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள், சோதனைச் சாவடியில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஈசூன் மருந்தாளுநர்:

மலைநோய் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தாபோ உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் கலைவது ஆகியவை முதல் அறிகுறிகள். பெரும்பாலும் போய்ச் சேர்ந்த சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தலைகாட்டும். தினமும் வீவக அடுக்குமாடிப் படிக்கட்டில் 20 மாடி ஏறிப் பயிற்சி எடுத்தவருக்கு வராது என்று நினைக்க வேண்டாம். உடல்வலுவுக்கும் மலைநோய்க்கும் தொடர்பில்லை. வலுவானவர் வேகமாக நடந்து சீக்கிரம் மாட்டிக்கொள்வதும் உண்டு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மேலே சொன்ன திட்டம் இதற்குள் அடங்குகிறது.

தடுப்பு மருந்து அசெட்டசோலமைடு. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும், உங்கள் திட்டப்படி கல்பாவில் ஓய்வெடுக்கும் ஐந்தாம் நாள். சிங்கப்பூரில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மகனுக்கு எடையைப் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்வார், உங்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், நுரைக்கும் பானம் சப்பென்று இருக்கும். இவை பக்கவிளைவுகள், பயப்பட வேண்டாம்.

மாமனார் விஷயத்தில் கவனம் வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, சிறுநீரைப் பெருக்கும் வகை. அதோடு அசெட்டசோலமைடும் சேர்ந்தால் உடலில் நீரும் பொட்டாசியமும் குறையக்கூடும். அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டு சென்னையிலேயே அவருடைய மருத்துவரைப் பார்த்துவிடட்டும். அங்கே ஜூனில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். குளிர், உயரம் இரண்டுமே அழுத்தத்தைச் சற்று ஏற்றும் என்பதால் அழுத்தமானியும் கையோடு வரட்டும்.

2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீடுதோறும் கொடுத்த ஆக்சிமீட்டர் (இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) அலமாரியில் கிடந்தால் பேட்டரி மாற்றி எடுத்துப் போங்கள். ஆனால் தாபோவில் அது 90 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் அலற வேண்டாம், அந்த உயரத்தில் அது இயல்பு. விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? குதிகாலை முன்காலின் நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே கொண்டுபோக வேண்டும். தாபோவிலிருந்து பியோ பக்கம் போகும்போது நாக்கோ அருகே சாலை கொஞ்சம் ஏறி இறங்கும். அதற்குத்தான் சிறிய ஆக்சிஜன் உருளை ஒன்றை வண்டியில் வைத்திருக்கும் ஓட்டுநரைப் பிடியுங்கள்.

மேலே போய்ச் சேர்ந்த முதல் இரண்டு இரவும் மது, தூக்க மாத்திரை இரண்டும் கூடாது. இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது உயர வரம்பையும், அவசரமாக மீட்டு வரும் செலவையும் வாசித்துப் பாருங்கள்.

சுவரும் வண்ணமும்:

மேலே இருவரும் போகும் வழியைச் சொல்லிவிட்டார்கள். இவ்வளவு தூரம் போய்ப் பார்க்கப்போவதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் தாபோவுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் இருட்டில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் பூசிய மண் கட்டடங்கள், அவ்வளவுதான். ஸ்பிதியிலேயே உள்ள கீ மடம் மாதிரி மலைமேல் அடுக்கடுக்காக நிற்காது. 996இல் மேற்குத் திபெத்தில் இருந்த குகே நாட்டு அரசர் யேஷே ஓ கட்டுவித்தது. 46 ஆண்டுகள் கழித்து, 1042இல், அவர் வழிவந்த ஜங்சுப் ஓ புதுப்பித்தார். நமக்குப் புரியும்படி சொன்னால், தஞ்சைப் பெரிய கோயில் முடிவதற்கு 14 ஆண்டுகள் முந்தியது, முதலாம் ராஜராஜன் ஆட்சியில் இருந்தபோது எழுந்தது. அது கருங்கல், இது பச்சை மண் செங்கல். அந்த மண் இன்றும் நிற்பதற்குக் காரணம் மழை மிகக் குறைவான பள்ளத்தாக்கு என்பதே.

பிரதானக் கோயில் சுக்லகாங். வாசல் கிழக்கே. நுழைந்ததும் உள்ள முன்னறையை விறுவிறுவென்று கடந்துவிடாதீர்கள். தொடக்க காலத்து ஓவியங்கள் அங்கேதான் மிஞ்சியிருக்கின்றன. அடுத்து பெரிய மண்டபம். நடுவே ஒரே தாமரைமேல் நான்கு திசையும் நோக்கி வைரோசனர் என்ற புத்தர். சுற்றுச் சுவர்களில், தலைக்கு மேலான உயரத்தில், சுவரிலிருந்தே வெளிப்படுவதுபோல 32 சுதை உருவங்கள். வைரோசனரோடு சேர்த்தால் அறை முழுவதுமே ஒரு மண்டலம், அதாவது தெய்வங்களை அவரவர் இடத்தில் வைத்துக் காட்டும் பௌத்த வரைபடம். தரையில் வரைய வேண்டிய மண்டலத்துக்குள் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

இப்போது இடப்பக்கமாக, வலம் வரும் திசையில் நடங்கள். சுதை உருவங்களுக்குக் கீழே ஓவிய வரிசை ஓடும். தெற்குச் சுவரில் தொடங்குவது கண்டவியூக சூத்திரம் என்ற பௌத்த நூலில் வரும் சுதனன் என்ற இளைஞனின் பயணம். ஞானம் தேடி ஆசிரியர் ஆசிரியராகத் தெற்கு நோக்கிப் போகிறான். அந்த ஆசிரியர்களில் ஒருவர் திரமிட நாட்டு வஜ்ரபுரத்தில் இருக்கும் மேகர். திரமிடம் என்றால் நம் தமிழ்ப் பக்கம்தான். இமயமலைச் சுவரில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தி தீட்டிய கதை நம் நாட்டு வழியாகப் போவதை மகனுக்குச் சொல்லுங்கள், நின்று பார்ப்பான். சுற்றி முடித்து வடக்குச் சுவருக்கு வந்தால் புத்தரின் வாழ்க்கை. பின்னால் கருவறையும் அதைச் சுற்றி ஒரு வலப்பாதையும் உண்டு, குறுகலானது, இருட்டு.

வெளிச்சம் கூரைத் திறப்பு வழியாக வருவது மட்டுமே. முதல் ஐந்து நிமிடம் எதையும் பார்க்க முயலாமல் நில்லுங்கள், கண் பழகட்டும். கைவிளக்கு அவசியம், ஆனால் ஒளியைக் குறைத்து, முகப்பில் மெல்லிய தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். சுவருக்கு நேரே பாய்ச்சாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கோடுகள் தெளிவாகத் தெரியும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, கைத்தொலைபேசியிலும்கூடாது.

சுவரைத் தொடாதீர்கள், முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். இது ஈரச் சாந்தில் ஊறிய வண்ணம் இல்லை. காய்ந்த மண்பூச்சின்மேல் பசையில் கலந்து தீட்டியது. உரசினால் பொடியாக உதிரும், நீர் பட்டால் கரையும். தட்டையான மண்கூரையில் பனியும் மழையும் கசிந்து, சுவரில் கோடு கோடாக வண்ணம் வழிந்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். 1975 ஜனவரி நிலநடுக்கமும் மடத்தைச் சேதப்படுத்தியது.

காலணி வெளியே. தரை மண்தரை, எலும்பு வரை சில்லிடும், மாமனாருக்கு இரண்டு சோடிக் காலுறை. கதவு பூட்டியிருந்தால் சாவி வைத்திருக்கும் துறவியிடம் கேளுங்கள், ‘ஜூலே’ என்று வணக்கம் சொல்லி. சாப்பாட்டு நேரமாக இருந்தால் காத்திருங்கள். ஒரே நாளில் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை உள்ளே போங்கள். இரண்டாவது முறையில்தான் சுவர் பேசும்.

செங்காங் வாணி:

மூவருக்கும் மிக்க நன்றி. சிம்லா வழிதான் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு சந்தேகம். எட்டாம் நாள் சாலை நன்றாக இருந்தால் தங்கரா, கீயா? பணம் எப்படி எடுத்துப் போவது?

பனிமலைப் பிரியன்:

மாமனார் வருவதால் தங்கர். தாபோவிலிருந்து காசா சாலையில் போய், சிச்லிங்கில் பிரிந்து 8 கிலோமீட்டர் மேலே ஏறினால் மடம், 3,894 மீட்டர். ஸ்பிதி ஆறும் ‘பின்’ என்ற ஆறும் கலக்கும் இடத்துக்கு நேர்மேலே, அரித்துப்போன மண்முகட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பழைய மடம் வலுவிழந்த கட்டடம், உள்ளே எத்தனை பேர் போகலாம் என்று துறவி சொல்வதைக் கேளுங்கள். மேலே உள்ள ஏரிக்கு நடக்கும் பாதை செங்குத்து. அதற்கு மாமனாரைக் கூட்டிப்போக வேண்டாம், நீங்களும் மகனும் போய்வரும்வரை கணவர் அவரோடு கீழே இருக்கட்டும். கீ 4,166 மீட்டர், தாபோவிலிருந்து போகவர 120 கிலோமீட்டருக்கு மேல். எல்லோரும் முந்தின இரவு நன்றாகத் தூங்கி, தலைவலி இல்லாமல் எழுந்தால் மட்டும் யோசியுங்கள். எங்கே போனாலும் இரவு தாபோவிலேயே.

பணத்தைச் சிம்லாவிலேயே ரூபாயாக எடுத்துக்கொள்ளுங்கள். பியோவில் தானியங்கி இயந்திரம் உண்டு, அதற்கு அப்பால் காசாவைத்தான் நம்ப வேண்டும், அங்கேயும் இயந்திரத்தில் காசு தீர்ந்துவிடும். தாபோவில் விடுதி, சாப்பாடு, மடத்துக்குக் காணிக்கை எல்லாம் ரொக்கம் என்றே கணக்குப் போடுங்கள், 100 ரூபாய் தாள்களாக நிறைய. வண்டிக்கு எண்ணெய் பியோவுக்குக் கீழே பொவாரியில் முழுக்க நிரப்பச் சொல்லுங்கள், அடுத்தது காசாவில்தான்.

ஈசூன் மருந்தாளுநர்:

ஒன்று விட்டுப்போனது. மாத்திரைகளைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் அசல் உறையோடும் மருத்துவர் சீட்டோடும் இருக்கட்டும். மாமனாரின் மாத்திரைகள் இரண்டு பைகளில், ஒரு வாரத்துக்கு உபரியாக.