ஆல்பம் விளம்பரம் இதழில் கருப்படித்து வந்துவிட்டது, கியூஆரும் எடுக்கவில்லை. டிசம்பர் இதழுக்குள் சரிசெய்ய வழி உண்டா?

கும்பகோணத்துக்காரன்

வணக்கம். அப்பா நாதஸ்வர வித்வான். நாற்பது வருடமாகக் கோயில், கல்யாணம், சபா என்று வாசித்தவர், இந்த வருடம்தான் முதல்முறையாக ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஓர் ஆல்பம் பதிவு செய்திருக்கிறார். பெயர் ‘தெற்கு வீதி’. ஆறு உருப்படிகள், 52 நிமிடம். பாட்டுச் செயலிகளில் ஏற்றியாயிற்று. பென் டிரைவாகவும் கொடுக்கிறோம்.

ஓர் இசைப் பத்திரிகையில் அரைப்பக்க வண்ண விளம்பரத்துக்கு (18 × 12 செ.மீ.) இரண்டு இதழ்களுக்குச் சேர்த்து 18,000 ரூபாய் கட்டினேன். டிசைன் நானே செய்தது. ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் செய்து பழக்கம் இருப்பதால் போட்டோஷாப்பில் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டேன். அடர் மெரூன் பின்னணி, தங்க பார்டர், மேலே பிள்ளையார், நடுவில் பொன்னாடையோடு அப்பா, கீழே வெள்ளை எழுத்தில் விவரம் எல்லாம்.

திரையில் பளிச்சென்று இருந்தது. இதழைப் பிரித்தால் வயிற்றைக் கலக்கிவிட்டது. மெரூன் கிட்டத்தட்டக் கருப்பு. அப்பா முகத்தில், வாயில் வைத்து ஊதும் சீவாளி எங்கே முடிகிறது, மீசை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ராகப் பட்டியலில் ‘கல்யாணி’ என்று சரியாகத்தான் அடித்தேன். அச்சில் ‘கல்யானி’ மாதிரி தெரிகிறது. கியூஆர் என் போனிலேயே எடுக்கவில்லை.

வந்தது மூன்றே மூன்று போன். அதில் இரண்டு பேர், தை மாதம் கல்யாணத்துக்குத் தேதி இருக்கிறதா என்று கேட்டார்கள்.

டிசம்பர் இதழுக்கு ஃபைல் கொடுக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அச்சகம் சரியில்லையா, நான் சரியில்லையா?

அச்சகத்து மணி

தம்பி, ஃபைல் என்ன வடிவத்தில் அனுப்பினீர்கள்? திரைக்கான ஆர்ஜிபி நிறமா, அச்சின் நான்கு மைக்கான சிஎம்ஒய்கேவா? படம் எத்தனை பிக்சல்? கியூஆர் எத்தனை செ.மீ., அதற்குள் இருக்கும் லிங்க் எவ்வளவு நீளம்? இதைச் சொல்லுங்கள், அச்சகத்தைத் திட்டுவதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம்.

கும்பகோணத்துக்காரன்

ஜேபெக், ஆர்ஜிபி. படம் போட்டோகிராபர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது, 1280 × 853. கியூஆர் 1.1 செ.மீ. மெரூன்மேல் வெள்ளையாக வைத்தேன். லிங்க் செயலியில் ‘ஷேர்’ கொடுத்தால் வருவது அப்படியே, சுமார் 110 எழுத்து.

அச்சகத்து மணி

சரி, அச்சகத்தை விட்டுவிடுங்கள்.

நீங்கள் ஃபிளெக்ஸ் பழக்கத்தில் செய்திருக்கிறீர்கள். ஃபிளெக்ஸை இருபதடி தள்ளி நின்று பார்ப்பார்கள், அதற்கு எது கொடுத்தாலும் தாங்கும். இதழ் மடியில் இருக்கும். 18 செ.மீ. அகலத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், நிரப்ப 2126 பிக்சல் வேண்டும். உங்கள் 1280-ஐ இழுத்தால் 180 டிபிஐதான் நிற்கும். அதுகூடப் பரவாயில்லை, வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது நசுங்கிய நசுங்கல்தான் நிழல் பகுதிகளைத் திட்டுத்திட்டாக ஆக்கிவிட்டது. போட்டோகிராபரிடம் ஒரிஜினலை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இருட்டுக்குக் காரணம் வேறு. திரை வெளிச்சத்தால் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. போட்டோஷாப்பில் வெறும் ஆர்ஜிபி கருப்பை ஸ்வாப் என்ற அமெரிக்க அச்சுத்தர அமைப்பில் சிஎம்ஒய்கே ஆக்கினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்று வரும். கூட்டினால் 300 சதவீதம். உங்கள் அடர் மெரூனும் அதை ஒட்டித்தான் போயிருக்கும். அத்தனை மையை உள்பக்கத் தாள் குடித்தால் ஒவ்வொரு புள்ளியும் பரவும், நடுத்தர நிழலெல்லாம் கருப்போடு சேர்ந்துவிடும். எங்கள் பட்டறையில் உள்பக்கத்துக்கு 260-ஐத் தாண்ட விடமாட்டோம். உங்கள் பத்திரிகையின் வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ‘கல்யானி’. நான்கு நிற மைக்கு நடுவே வெள்ளை எழுத்து என்றால் மைக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டும் (அச்சுத்தகடும்) மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். ஒரு பிளேட் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்த மை எழுத்துக்குள் ஏறிவிடும். தமிழில் அடிவாங்குவது சுழிகள்தான். 7 பாயிண்டில் மூன்று சுழி ‘ண’வின் ஒரு சுழி அடைத்தது, அது இரண்டு சுழி ‘ன’ ஆகிவிட்டது. போதாததற்கு ஜேபெக் ஆக்கியதில் எழுத்தும் படமாகிவிட்டது. போட்டோஷாப்பில் படத்தை மட்டும் செய்யுங்கள். எழுத்தை இன்டிசைனிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ வைத்து, அவுட்லைனாக்கி (எழுத்துருவைக் கோட்டு வடிவமாக மாற்றி), பிடிஎஃப் கொடுங்கள். சின்ன எழுத்தெல்லாம் வெளிர் பின்னணியில், கருப்பு 100 மட்டும். 9 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள்.

கியூஆர்: 110 எழுத்து லிங்க் என்றால், நடுத்தரப் பிழைதிருத்த அளவில் 45 × 45 கட்டம் ஆகும். 1.1 செ.மீ.யில் ஒரு கட்டம் கால் மில்லிமீட்டர். மை பரவினால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சுருக்க லிங்க்கை 26 எழுத்துக்குள் அடக்கினால் 25 × 25 போதும். அதை 2.5 செ.மீ.யில் அச்சிட்டால் கட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கிடைக்கும். வெள்ளையில் கருப்பாக வையுங்கள், சுற்றிலும் நாலு கட்ட அகலம் காலி விடுங்கள். தலைகீழ் நிறத்தில் வைத்தால் சில போன்கள் எடுக்காது.

மாடவீதி மாமி

தம்பி, எனக்கு டிபிஐ எல்லாம் தெரியாது. அந்த இதழ் எங்கள் வீட்டுக்கும் வருகிறது. உங்கள் விளம்பரத்தைத் தேடிப் பார்த்தேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது ஆல்பம் விளம்பரம் என்று எந்த இடத்தில் போட்டிருக்கிறீர்கள்?

தங்க பார்டர், பிள்ளையார், பொன்னாடை, விருதுப் பட்டியல். விருது பெற்றவருக்கு ஊர்க்காரர்கள் போடும் வாழ்த்து விளம்பரம் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். ‘ஆல்பம்’ என்ற சொல் ஒன்பதாவது வரியில் இருக்கிறது, அதுவும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். கல்யாணத்துக்குத் தேதி கேட்டவர்கள் மேல் தப்பே இல்லை.

கும்பகோணத்துக்காரன்

மாமி, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. என் கைக்குக் கல்யாணப் பத்திரிகைதான் வரும், அதையே போட்டிருக்கிறேன் போல.

கோடும் வண்ணமும்

மாமி சொன்னதுதான் முதல் கோளாறு. மணி அண்ணன் சொன்னதை எல்லாம் செய்து அதே விளம்பரத்தைப் பளிச்சென்று அச்சிட்டாலும் தேதி கேட்டுத்தான் போன் வரும், இன்னும் நாலு பேர் கூடுதலாக.

ஆல்பம் விளம்பரத்தில் தூக்கலாக இருக்க வேண்டியது ஆல்பத்தின் அட்டைப்படம். இதழில் பார்த்தவர் செயலியில் தேடும்போது அதே படம் நகம் அளவில் வரும். ‘ஆ, இதுதான்’ என்று கை நிற்க வேண்டும். உங்கள் அட்டையில் என்ன படம்?

கும்பகோணத்துக்காரன்

நாதஸ்வரத்தின் அணசு (கீழே விரிந்திருக்கும் வாய்ப்பகுதி) மட்டும், கிட்டத்தில் எடுத்தது. பின்னால் கோயில் மதில், சாயங்கால வெயில். விளம்பரத்தில் அதைப் போடவில்லை, அப்பா முகம் இருந்தால்தானே தெரியும் என்று.

கோடும் வண்ணமும்

முகம் தேவையில்லை. அணசைப் பக்கத்தின் இடது பாதி முழுக்கப் போடுங்கள். வலது பாதியில் பெயர், தலைப்பு, ஒரு வரி விளக்கம், எப்படிக் கேட்பது. அவ்வளவுதான். ஐந்து செயலிகளின் லோகோ, மூன்று பாராட்டுரை, ஸ்டுடியோவுக்கு நன்றி எல்லாவற்றையும் தூக்குங்கள்.

மை அதிகம் வேண்டாம் என்றால் ஒரே நிறத்தோடு கருப்பு. ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் கம்பெனிக்கு 1950, 60-களில் ரீட் மைல்ஸ் செய்த அட்டைகளைத் தேடிப் பாருங்கள். பல அட்டைகளில் கருப்பு-வெள்ளைப் படமும் ஒற்றை நிறமும்தான். காசு குறைவாகக் கிடைத்ததால் வந்த பழக்கம், இன்றுவரை அதைத்தான் காப்பி அடிக்கிறோம்.

மாடவீதி மாமி

முகம் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜாஸ் விஷயம் எனக்குத் தெரியாது. இங்கே வாசிப்பவர் யார் என்று பார்த்துத்தான் காசு கொடுப்போம். கோயிலில் கேட்டிருப்போம், பேர் தெரியாது, முகம் தெரியும். பெரிதாக வேண்டாம், தபால்தலை அளவு இருந்தாலும் போதும், வாசிக்கிற மாதிரி படமாக. பொன்னாடையை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. எங்கள் வயசுக்காரர்களில் பாதிப் பேர் கியூஆர் எடுக்க மாட்டோம். போன் நம்பரைப் பெரிதாகப் போட்டு, ‘இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தால் பென் டிரைவ் வீட்டுக்கு வரும்’ என்று எழுதுங்கள். விலையும் போடுங்கள். விலை இல்லாத விளம்பரத்தைப் பார்த்தால் ஜாஸ்தி இருக்கும் என்று தோன்றும்.

கோடும் வண்ணமும்

சரி மாமி, தபால்தலைக்கு இடம் விடலாம். :)

தம்பி, ஒன்று செய்து பாருங்கள். உங்கள் ஆல்பத்தைச் செயலியில் தமிழில் அடித்துத் தேடினால் வருகிறதா?

கும்பகோணத்துக்காரன்

வரவில்லை! ஏற்றும்போது தலைப்பை ரோமன் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். ‘தெ’வுக்கு ஒரு எச் சேர்த்து அடித்தால்தான் வருகிறது. எச் இல்லாமல் அடித்தால் யாரோ ஒருவருடைய ரீமிக்ஸ்.

கோடும் வண்ணமும்

அப்படியென்றால் விளம்பரத்தில் தமிழ்த் தலைப்புக்குக் கீழே செயலியில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே போடுங்கள், ‘இப்படித் தேடுங்கள்’ என்று. அப்பா பெயருக்கும் அதே. பத்து லோகோவைவிட இந்த ஒரு வரி உதவும்.

கும்பகோணத்துக்காரன் (இரண்டு நாள் கழித்து)

புது டிசைன் தயார். இடது பாதி அணசு, வலது பாதி சந்தன வெளிர்நிறம். மேலே அப்பா பெயர், பெரிதாக ‘தெற்கு வீதி’, அதன் கீழே ‘நாதஸ்வர இசை ஆல்பம்’, 16 பாயிண்ட். பிறகு ஒரு வரி: ‘சுவாமி புறப்பாடு தொடங்கி வீதி சுற்றித் திரும்பும்வரை, 52 நிமிடம்’.

இரண்டு சிக்கல். இன்டிசைனில் ‘தெற்கு’ என்று ஒட்டினால் கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. இன்னொன்று, எல்லாரையும் தூக்கச் சொன்னீர்கள். தவில் வாசித்த மாமா பழைய இதழைப் பார்த்தே ‘என் பேரை எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறாயே’ என்றார். இப்போது இல்லவே இல்லை என்றால் வீட்டுக்குள் வரமாட்டார்.

அச்சகத்து மணி

கொம்புக்கு: பாராகிராஃப் பேனலின் மூலையில் உள்ள மெனுவில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். அப்புறம் அவுட்லைன் ஆக்குங்கள், ஆக்கிய பிறகு ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

மார்ஜினுக்குள் நிற்கும் அரைப்பக்கம் என்றால் பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே விடும் கூடுதல் படம்) வேண்டாம். தாளின் ஓரம்வரை ஓடுகிறது என்றால் 3 மி.மீ. விடுங்கள்.

மாடவீதி மாமி

தவில்காரர் பெயர் இல்லாமல் நாதஸ்வர விளம்பரமா? பத்திரிகை அடித்தால்கூட ‘சிறப்புத் தவில்’ என்று தனி வரி போடுவோமே. அப்பா பெயருக்கு நேர் கீழே போடுங்கள்.

கோடும் வண்ணமும்

மாமி கட்சிதான் நானும். தவில் பெயர் விளம்பரத்தில் இருக்கட்டும், தாளம், ஒத்து, ஒலிப்பதிவு எல்லாம் பென் டிரைவ் அட்டையில்.

பக்கம் எது என்று பேசினீர்களா? டிசம்பர் இதழில் கச்சேரி அட்டவணை வருமே. அதை மாதம் முழுக்கப் பத்துத் தடவையாவது புரட்டுவார்கள். அதற்கு எதிர்ப்பக்கம், முடிந்தால் வலதுகைப் பக்கம் கேளுங்கள். கூடுதல் காசு கேட்டால் கொடுக்கலாம். பின் அட்டைக்குக் கொடுக்காதீர்கள்.

கும்பகோணத்துக்காரன் (ஆறு நாள் கழித்து)

ஃபைல் போய்விட்டது. அட்டவணைக்கு எதிர்ப்பக்கம் கிடைத்தது, இடதுகைப் பக்கம்தான். மை மொத்தம் 240-க்குள். இந்த விளம்பரத்துக்கென்று தனி சுருக்க லிங்க், தனி வாட்ஸ்அப் எண். எத்தனை பேர் இதைப் பார்த்து வந்தார்கள் என்று இந்தத் தடவை தெரிந்துவிடும்.

லேசரில் அசல் அளவில் பிரிண்ட் எடுத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் வீட்டில் இருந்த ஐந்து போனிலும் கியூஆரை எடுத்துப் பார்த்தேன். ஐந்திலும் வந்தது, அத்தையின் பழைய போன் உட்பட. ‘கல்யாணி’யில் மூன்று சுழியும் இருக்கிறது.

தவில் மாமா பிரிண்ட்டை வாங்கி, கட்டைவிரலை வைத்து அப்பா பெயரையும் தன் பெயரையும் அளந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. காபி கேட்டார்.

மாடவீதி மாமி

ஒரு பென் டிரைவ் எனக்கு எடுத்து வையுங்கள். புது எண்ணுக்கே வாட்ஸ்அப் செய்கிறேன், உங்கள் கணக்கில் ஒன்று கூடட்டும்.