பூட்டு திறக்குறதை விண்ணப்பத்துல எழுதலாமா?

பாப்பு: எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி. அமெரிக்கக் காலேஜ்களுக்கு விண்ணப்பிக்கற காமன் ஆப் படிவத்துல, படிப்புக்கு வெளிய செய்யற செயல்பாடு எழுத 10 இடம் இருக்கு. 9 எழுதிட்டேன். பத்தாவதா பூட்டு திறக்குறதைப் போடலாமா? சாவி இல்லாம, கம்பியால. மூணு வருஷமா செய்யறேன்.

அம்மா: நான் வேண்டாம்னுட்டேன். அதான் இங்க வந்து கேக்கறா.

பெரியப்பா: அம்மா பயப்படறதுல நியாயம் இருக்கு கண்ணு. படிக்கிறவங்களுக்கு உன்னைத் தெரியாது. திருட்டு வேலை பழகற பொண்ணுன்னு நினைச்சுட்டா? பக்கத்துல நின்னு விளக்க நீ இருக்க மாட்டே.

பாப்பு: இந்தப் பொழுதுபோக்குல இருக்கறவங்க ரெண்டு விதி வச்சிருக்கோம் பெரியப்பா. நம்ம சொந்தப் பூட்டு, இல்லன்னா உடையவங்க சரின்னு சொன்ன பூட்டு, அதை மட்டும்தான் திறக்கலாம். அப்புறம், புழக்கத்துல இருக்கற பூட்டைத் தொடவே கூடாது. உள்ள ஏதாவது கெட்டுப்போச்சுன்னா சாவி போட்டாலும் திறக்காது.

அண்ணா: நான் போடுன்னுதான் சொல்லுவேன். லண்டன்ல பிராமான்னு ஒரு பூட்டுக் கம்பெனி 1790லேருந்து கடை ஜன்னல்ல ஒரு பூட்டை வச்சு, திறந்தா 200 கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயத் தங்கக் காசு) பரிசுன்னு எழுதியிருந்தாங்க. அறுபது வருஷம் ஒருத்தராலயும் முடியல. 1851ல ஆல்ஃபிரட் ஹாப்ஸ்னு ஒரு அமெரிக்கப் பூட்டுக்காரர் திறந்துட்டார். 16 நாள்ல, மொத்தம் 51 மணி நேரம். பூட்டுல குறை இருக்குன்னு தெரிஞ்சாத்தானே நல்ல பூட்டு செய்ய முடியும்?

பெரியப்பா: ஹாப்ஸ் ஊரறியத் திறந்தார், நடுவர்களும் இருந்தாங்க. இவ அறைக்குள்ள தனியா உக்காந்து திறக்கறா.

சித்தி: இப்பதான் பார்த்தேன். பள்ளியில வழிகாட்டியா இருக்கறதால வருஷா வருஷம் இந்தக் கேள்வி எனக்கு வரும். ஒரு பையன் வேட்டைன்னு வருவான், இன்னொருத்தன் போக்கர்னு வருவான். நான் பார்த்த வரைக்கும் பொழுதுபோக்கைவிட, பாதி சொல்லிப் பாதி விடறதுதான் கெடுக்குது. "இயந்திரப் புதிர்கள்"னு பூசி மெழுகி எழுதாதே பாப்பு. உங்க டீச்சர் பரிந்துரைக் கடிதத்துல பூட்டுன்னே எழுதிட்டா, நீ எதையோ மறைக்கறேன்னு படும். எழுதினா பேரைச் சொல்லியே எழுது. மனசு வரலன்னா விட்டுடு. 10 இடத்தையும் நிரப்பியே ஆகணும்னு இல்ல. விளக்கத்துக்கு இடைவெளியோட சேர்த்து 150 எழுத்துதான். அதுக்குள்ள உன் முதல் விதி வந்தாகணும். இன்னொண்ணு, அந்தக் கம்பிகளைக் கையில வச்சிருக்கறது பத்தின சட்டம் அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஹாஸ்டலுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி பார்த்துக்கோ.

பாப்பு: சரி சித்தி. 650 வார்த்தைக் கட்டுரையும் இதைப் பத்தித்தான் எழுதியிருக்கேன். என் ஃப்ரெண்ட் லாக்கர் சாவியைத் தொலைச்சுட்டு அழுதா, பரீட்சைக்கு அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு, நான் திறந்து கொடுத்தேன். அங்கதான் ஆரம்பிக்குது.

அம்மா: என்னது? எப்போ?

சித்தி: அது வேண்டாம் பாப்பு.

பாப்பு: அவ கேட்டுத்தானே திறந்தேன்?

சித்தி: உள்ள இருந்த பொருள் அவளோடது. லாக்கர் பள்ளியோடது. அதுவும் புழக்கத்துல இருந்த பூட்டு. மேல ரெண்டு விதி எழுதினியே, ரெண்டுமே அங்க போச்சு.

பாப்பு: …ஆமா. உதவின்னு மட்டும்தான் நினைச்சேன். இதை நான் யோசிக்கவே இல்ல.

அம்மா: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.

பாப்பு: சாரிம்மா.

பெரியப்பா: வீட்டுல பேசிக்கலாம். இப்போ குழந்தை வேற என்ன எழுதலாம்னு பாருங்க.

சித்தி: பாப்பு, நீ திறக்க முடியாம ரொம்ப நாள் மல்லுக்கட்டின பூட்டு ஏதாவது இருக்கா?

பாப்பு: இருக்கு. நாலு மாசம். பூட்டுக்குள்ள, சாவி தூக்கிவிடற குட்டி ஊசிங்க வரிசையா இருக்கும்; அதுல சில ஊசிகளுக்கு நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். ஒவ்வொண்ணா தூக்கிட்டே வருவோம், திடீர்னு சாவி நுழையற உருளை கொஞ்சம் திரும்பும், திறந்துடுச்சுன்னு கை சொல்லும். ஆனா திறந்திருக்காது, அங்கயே மாட்டிக்கும். பலமாத் திருகினா இன்னும் இறுகும். அழுத்தத்தைத் தளர்த்தணும். தளர்த்தினா ஏற்கெனவே உக்காந்த ஊசியும் கீழ விழும். விழுந்தா விழட்டும்னு விடறதுக்குத்தான் எனக்கு நாலு மாசம் ஆச்சு. என் கை விடவே விடாது.

அண்ணா: இதை அப்படியே எழுது.

அம்மா: ராத்திரி டொக் டொக்னு கேக்குமே, அதுவா? நீ ஃபோன் நோண்டறேன்னு நினைச்சு எத்தனை நாள் கத்தியிருக்கேன்.

பாப்பு: அதேதாம்மா.

பெரியப்பா: இது எனக்கே புரியுது கண்ணு. எனக்குப் புரிஞ்சா அவங்களுக்கும் புரியும்.

பாப்பு: அந்தச் சின்ன விளக்கம் இப்படி வருது: "என் சொந்தப் பூட்டுகளை மட்டும் திறந்து பழகறேன், ஒவ்வொண்ணோட உள்ளமைப்பையும் வரைஞ்சு வைக்கறேன். அடுத்தவங்க பூட்டுன்னா அனுமதியோட மட்டும்." இதை இங்கிலீஷ்ல போடணும்.

அம்மா: இடம் பத்தலன்னாலும் அந்த அனுமதியை வெட்டிடாதே.

பாப்பு: வெட்ட மாட்டேன்மா. படம் வரையறதை வேணா எடுத்துடறேன்.

சித்தி: படமும் இருக்கட்டும். இங்கிலீஷ்ல எழுதி அனுப்பு, ராத்திரிக்குள்ள ரெண்டையும் அடக்கித் தரேன்.