புதுப்பிப்பு: இருமுறை தோற்ற கணிதத் தாள் என்னவாயிற்று?

கணிதத் தாளில் இருமுறை தோற்றுவிட்டதால் கல்லூரியை விட்டுவிடலாமா என்று மார்ச் மாதம் இங்கே கேட்டிருந்தேன். மண்டபம் என்னும் கடலோர ஊரிலிருந்து நாள்தோறும் இராமநாதபுரத்துக்குப் பேருந்தில் போய்வருபவன் என்பதையும் சொல்லியிருந்தேன். விடவில்லை. மூன்றாம் முறை 61 மதிப்பெண் பெற்றுத் தேறிவிட்டேன்.

அன்று சிலர், கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் வகுத்துத் தந்த நான்கு படிகளைச் சொன்னார்கள்: கணக்கைப் புரிந்துகொள்வது, வழி தேடுவது, செய்து முடிப்பது, திரும்பிப் பார்ப்பது. அந்த நான்காவதை நான் ஒருநாளும் செய்ததில்லை.

அது உறைத்தது வீட்டில்தான். அம்மா ஒரு மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டி, 45 நாளில் 240 கிலோ கடல்பாசி எடுத்தார். கூடிய 180 கிலோவை 45ஆல் வகுத்து, நாளுக்கு 4 கிலோ, அதாவது 6.67 சதவீத வளர்ச்சி என்று என் செயல்திட்டத்தில் எழுதிவைத்தேன். ஆனால் பாசி கூட்டுவட்டியைப் போலக் குட்டி போட்டு வளர்வது. அதே வீதத்தில் 45 நாளுக்குப் பெருக்கிப் பார்த்தபோது விடை ஒரு டன்னைத் தாண்டியது. "ஒரு டன்னா? மூங்கில் தாங்குமாய்யா?" என்று அம்மா சிரித்தார். மடக்கையை (லாகரிதம்) கொண்டு மீண்டும் போட்டதில் ஏறத்தாழ 3.1 சதவீதம் வந்தது.

அதன்பின், வழிகாட்டி நூலின் விடையானாலும் (அவற்றிலும் பிழைகள் உண்டு) பின்னோக்கிப் போட்டுப் பார்க்காமல் நான் ஏற்பதில்லை. தேர்வில் இதற்கென்றே கடைசி இருபது நிமிடத்தை ஒதுக்கினேன். இரண்டு கணக்குகள் அப்படித்தான் பிழையிலிருந்து தப்பின. அடுத்தது புள்ளியியல், நவம்பரில் எழுதுகிறேன்.