குடும்பக் குழு: சின்னவனின் அரையாண்டு விடைத்தாள்

அண்ணி (பாலக்கோடு): சின்னவனுக்குக் கணக்கில் 41. பக்கத்தில் 'கவனம் தேவை' என்று போட்டிருக்கிறார்கள். வகுப்புக் குழுவில் எல்லார் மார்க்கையும் ஒரே படமாகப் போட்டதில் தெருவுக்கே தெரிந்துவிட்டது, மத்தியானத்திலிருந்து சாப்பிடாமல் படுத்திருக்கிறான்.

அண்ணன் (ஓசூர்): ஷிப்ட் முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். டியூஷனை மாற்றிவிடலாமா?

நான்: டியூஷனை அப்புறம் பார்க்கலாம் அண்ணா. அண்ணி, விடைத்தாளைப் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், இங்கே வேண்டாம்.

அண்ணி: அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போட்டு நாளைக்கே திருப்பித் தரவேண்டுமாம்.

நான்: பார்த்தேன். கணக்கு வராத பிள்ளை இல்லை இவன். 20 − (8 − 3) என்பதற்கு 9 என்று எழுதியிருக்கிறான், 15 வரவேண்டும். அடைப்பை எடுக்கும்போது முன்னால் கழித்தல் இருந்தால் உள்ளே இருக்கும் குறியும் மாறும் என்பது மட்டும் விட்டுப்போயிருக்கிறது, இயற்கணிதத்திலும் அதே தவறுதான் திரும்பத் திரும்ப வந்து மார்க்கைத் தின்றிருக்கிறது. தாள் முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறிதான். 'குறியைப் பார்' என்று ஒரே ஒரு இடத்தில் எழுதியிருந்தால் அவனுக்கே புரிந்திருக்கும்.

பெரியப்பா: அத்தனை பேப்பரிலும் எழுத ஒரு வாத்தியாரால் முடியுமா அம்மா?

நான்: முடியாது பெரியப்பா, நானும் விடைத்தாள் கட்டை வீட்டுக்குத் தூக்கிவருகிற டீச்சர்தான். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் ஒரே தவறைத்தான் செய்வார்கள். அதைப் பலகையில் போட்டுக் காட்டி, ஒரு பீரியட் முழுக்க அவரவர் தாளை அவரவரே திருத்தட்டும் என்று விட்டால் போதும். மார்க்கை அதற்கு அப்புறம் சொல்லலாம். 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் வாங்கிய பிள்ளைகள் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்து வாங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மார்க்கைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, என் வகுப்பிலும் அதைத்தான் பார்க்கிறேன்.

அத்தை: பக்கத்து வீட்டில் தாய் தகப்பன் இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலை. பள்ளிச் செய்தி அவர்கள் போனுக்குப் போகிறது, பிள்ளைகள் இங்கே பாட்டியிடம். பாட்டிக்குப் பட்டன் போன், பேசுவது தெலுங்கு. யார் படித்துச் சொல்வது?

நான்: என் வகுப்பிலும் அப்படிப் பிள்ளைகள் உண்டு அத்தை. எதில் தவறினேன், எப்படித் திருத்தினேன் என்று பிள்ளையையே பாட்டியிடம் வாயால் சொல்லச் சொல்கிறேன், பெற்றோருக்கு வாய்ஸ் மெசேஜ் போடுகிறேன்.

அண்ணன்: வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கிறதாம். லீவு போட்டு வரட்டுமா?

நான்: கட்டாயம் வாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்கவேண்டும், நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது? கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பேசுங்கள், வேண்டியதுதான். கூடவே மார்க்கைப் பொதுக் குழுவில் போடாமல் அவரவர் வீட்டுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். டீச்சரைப் பார்த்ததும் ஏன் மார்க் குறைந்தது என்று ஆரம்பிக்காமல், எந்த இடத்தில் தவறுகிறான், வீட்டில் நாங்கள் எதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேளுங்கள். சின்னவனையும் பக்கத்திலேயே உட்கார வையுங்கள், அவனை வெளியே நிறுத்திவிட்டு அவனைப் பற்றிப் பேசவேண்டாம்.

அண்ணி: சரி. காலையில் விடைத்தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறேன்.