இலவசச் சான்றிதழுக்கு ஆண்டுக் கட்டணம் எதற்கு?

கல்லாப்பெட்டி:
சிறு தொழில் செய்பவர் இணையதளத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று புதுமுகம் கேட்டதற்கு, தளம் கட்டித்தரும் தச்சன் அவர்கள் நேற்று இங்கே பதினொரு இனங்கள் கொண்ட ஒரு செலவுப் பட்டியல் கொடுத்திருந்தார். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம்), வடிவமைப்பு, காப்புப்படி என்று போகும் அந்தப் பட்டியலின் நடுவே 'எஸ்எஸ்எல் சான்றிதழ் - ஆண்டுதோறும்' என்று ஓர் இனம் இருக்கிறது. தளத்துடனான இணைப்பு பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டுவது இந்தச் சான்றிதழ்தான். அந்த இனத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து இந்தச் சான்றிதழை யார் கேட்டாலும் ஒரு காசு வாங்காமல் கொடுத்து வருகிறது. இலவசமாகக் கிடைப்பதைப் பட்டியலில் சேர்த்துப் பணம் கேட்பவரை என்னவென்று சொல்வது? இணையதளம் என்பது ஒருமுறைச் செலவு. கட்டி முடித்த பிறகும் ஆண்டுக்கு ஆண்டு கை நீட்டுவதற்காகவே இத்தகைய இனங்கள் நுழைக்கப்படுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

தச்சன்:
பதினொரு இனங்களில் பத்தை விட்டுவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, அந்த ஒன்றைப் பற்றியே பேசுவோம்.

சான்றிதழ் இலவசம் என்பதை நான் எங்கும் மறுக்கவில்லை. ஆனால் அந்த இலவசச் சான்றிதழின் ஆயுள் 90 நாள்களைத் தாண்டாது என்பதை நீங்கள் ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? அதற்குள் அதைப் புதுப்பித்தாக வேண்டும். தளம் இருக்கும் கணினியான வழங்கியில் உள்ள நிரல் அதைத் தானாகச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் டொமைன் அந்த வழங்கியையே சுட்டிக்கொண்டிருந்தால்தான், சரிபார்ப்புக்காக அங்கே வைக்கப்படும் கோப்பு வெளியிலிருந்து படிக்கக் கிடைத்தால்தான் அது நடக்கும். மின்னஞ்சலை வேறு நிறுவனத்துக்கு மாற்றுகிறேன் என்று யாரோ ஒருவர், டொமைன் எந்த வழங்கியைச் சுட்ட வேண்டும் என்று குறிக்கும் டிஎன்எஸ் பதிவுகளில் கை வைத்துக் குழப்பிவிட்டால், புதுப்பிப்பு சத்தமில்லாமல் நின்றுபோகும். முன்பெல்லாம் காலாவதி நெருங்குகிறது என்று மின்னஞ்சல் வரும். 2025 ஜூனில் லெட்ஸ் என்கிரிப்ட் அதையும் நிறுத்திவிட்டது. அதன் பிறகு கடைக்காரருக்குச் செய்தி வருவது எப்போது என்றால், உலாவியின் முழுத்திரை எச்சரிக்கையைப் பார்த்துத் திரும்பிப் போன வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போதுதான். நான் கேட்டது சான்றிதழின் விலையை அல்ல, அதைக் கண்காணிப்பதற்கான கூலியை.

கல்லாப்பெட்டி:
கூலி என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். நீங்கள் எழுதியது 'சான்றிதழ்'. கூலியைப் பொருளின் பெயரில் வாங்குவதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

தச்சன்:
பூட்டுப் போடும் தச்சன் 'கதவுப் பூட்டு' என்றுதான் எழுதுவான். 'பூட்டைப் பொருத்துவதற்காக ஆணி முடுக்கும் கூலி' என்று எழுதமாட்டான். படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே பொருளின் பெயரை எழுதினேன்.

கல்லாப்பெட்டி:
பூட்டைத் தச்சன் காசு கொடுத்து வாங்கி வருகிறான். சான்றிதழை நீங்கள் எங்கே காசு கொடுத்து வாங்கினீர்கள்? மீண்டும் சொல்கிறேன், அது இலவசம்.

பேரேடு:
இருவரும் ஒரு சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தொழில் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தளத்தை உருவாக்கும் செலவு வேறு, அதை நடத்தும் செலவு வேறு. முன்னதை மூலதனச் செலவாகவும் பின்னதை வருவாயினச் செலவாகவும் பிரித்து எழுதி, குறைந்தது மூன்று ஆண்டுக்கான தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாரும் ஒரு விலைப்புள்ளியை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஹோஸ்டிங் நிறுவனங்கள் முதல் முறைக்குத் தள்ளுபடி கொடுத்துவிட்டுப் புதுப்பிக்கும்போது முழு விலை கேட்பது வழக்கமாக இருக்கும்போது, முதல் ஆண்டுத் தொகையை மட்டும் பார்ப்பது ஏமாறுவதற்கு நாமே வழி செய்து கொடுப்பதாகும். தச்சன் அவர்களின் பட்டியலில் இந்தப் பிரிவினையே இல்லை.

தச்சன்:
'ஆண்டுதோறும்' என்று எழுதியது பிரிவினை அல்லாமல் வேறென்ன? கணக்கு எழுதுபவர்கள் தளத்தைச் சொத்து என்று ஏட்டில் ஏற்றிவிட்டு, ஐந்தாண்டுகளுக்குக் கவலை இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறார்கள். தளத்தை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரில் நின்றபோது, மேம்படுத்துவதற்குப் பணம் கேட்ட எனக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்த பதில், 'என் கணக்கர் இது சொத்து என்று சொன்னாரே' என்பதுதான்.

பேரேடு:
சொத்து என்றால் பழுது பார்க்க வேண்டாம் என்று எந்தக் கணக்கரும் சொல்லமாட்டார். கட்டடமும் சொத்துதான், அதற்கும் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கிறோம். உங்களிடம் யாரோ ஒருவர் சொன்னதை எங்கள் தொழில் முழுவதன் மீதும் சுமத்த வேண்டாம்.

புதுமுகம்:
ஐயா, கேள்வி கேட்டவன் நான்தான். என்னிடம் ஒரு குறிப்பிட்ட தொகைதான் இருக்கிறது. அதில் எவ்வளவைக் கட்டுமானத்துக்கும் எவ்வளவைப் பிந்தைய ஆண்டுகளுக்கும் வைக்க வேண்டும் என்பதை மட்டும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

எழுத்தாணி:
புதுமுகத்துக்குச் சொல்கிறேன். இவர்கள் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. தளத்தில் வரப்போகும் எழுத்தை யார் எழுதுவார்? தச்சன் அவர்களின் பதினொரு இனங்களில் உள்ளடக்கம் இல்லை, புகைப்படமும் இல்லை. நீங்கள் என்ன விற்கிறீர்கள், எப்படி விற்கிறீர்கள், பொருள் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்பதையெல்லாம் படிக்கத்தான் வாடிக்கையாளர் வருகிறார். அதற்கு ஒரு தொகையும் ஒதுக்காமல், வெறும் வார்ப்புருவுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, கடைசியில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தை நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

தச்சன்:
உள்ளடக்கத்தை வாடிக்கையாளர் தருவார் என்பது என் விலைப்புள்ளியின் முதல் நிபந்தனை. தருகிறேன் என்று கையெழுத்தும் போடுவார்கள். பிறகு மூன்று வாரத்தில் முடிய வேண்டிய வேலை எட்டு மாதம் இழுத்த கதை என்னிடம் இருக்கிறது. பொருள்களின் படங்களைக் கைப்பேசியில் இருட்டில் எடுத்து அனுப்புவார்கள். பெயர்ப் பட்டியலை மூன்று முறை மாற்றுவார்கள். முகப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, 'தம்பி பிள்ளை நீல நிறம் நன்றாக இருக்கும் என்கிறான்' என்பார்கள். அந்த எட்டு மாதத்துக்கும் எனக்கு ஒரு காசு கூடுதலாகக் கிடைக்கவில்லை. எழுத்தாணி அவர்களின் கூலியையும் நானே என் பட்டியலில் சேர்த்துக் கேட்டால், கல்லாப்பெட்டி அவர்கள் அதற்கும் 'தமிழ் எழுத்து இலவசம்தானே' என்று வந்து நிற்பார்.

எழுத்தாணி:
வாடிக்கையாளர் தரமாட்டார் என்று தெரிந்துகொண்டே அவர் தருவார் என்று நிபந்தனை எழுதியவர் நீங்கள். பிறகு எட்டு மாதம் என்று புலம்புவதில் பொருள் இல்லை.

கல்லாப்பெட்டி:
என் பெயரை இழுத்ததால் சொல்கிறேன். எழுத்துக்குப் பணம் கொடுக்க நான் தயங்கியவன் அல்ல. என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தச்சனுக்குத் தெரியாது.

என் முதல் தளத்தைக் கட்டியவர் டொமைன் பெயரைத் தம்முடைய கணக்கில், தம்முடைய பெயரிலேயே பதிவு செய்திருந்தார். எல்லாம் சேர்த்து ஒரே தொகை, நீங்கள் எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம் என்றார், நானும் நம்பினேன். நான்காம் ஆண்டு ஒருநாள் தளம் திறக்கவில்லை. அவர் அந்தத் தொழிலையே விட்டுப் போயிருந்தார். காலாவதியான பெயரைப் பதிவு நிறுவனம் நீக்கிய பிறகும் 30 நாள்கள் வரை கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம் என்று அப்போதுதான் அறிந்துகொண்டேன். ஆனால் பதிவேட்டில் உரிமையாளர் நான் இல்லை என்பதால் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த 30 நாள்களும் கழிந்தன. பெயர் மீண்டும் பொதுவெளிக்கு வந்தபோது வேறொருவர் அதை எடுத்துக்கொண்டார். பெயர்ப்பலகை, பற்றுச்சீட்டு, பைகள், வண்டி என்று எல்லாவற்றிலும் அச்சடித்திருந்த முகவரி ஒரே நாளில் எனக்குச் சொந்தமில்லாததாகிவிட்டது. அவர் கொடுத்த விலைப்புள்ளியை இன்றும் வைத்திருக்கிறேன். அதிலும் 'எஸ்எஸ்எல் சான்றிதழ் - ஆண்டுதோறும்' என்று ஓர் இனம் இருக்கிறது. நான்கு ஆண்டுகளும் அதற்குப் பணம் கட்டினேன். இலவசமான ஒன்றுக்கு.

தச்சன்:
உங்களுக்கு நேர்ந்தது அநியாயம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. டொமைன் பெயரைத் தொழில் நடத்துபவர் தம் பெயரில், தம் மின்னஞ்சலில், தம் அட்டையைக் கொண்டு தாமே பதிவு செய்ய வேண்டும் என்று என் பட்டியலின் முதல் இனத்தின் கீழேயே எழுதியிருக்கிறேன். .com போன்ற பொதுவான பின்னொட்டுகளில் பத்தாண்டுகள் வரை முன்கூட்டியே கட்டி வைக்கவும் முடியும். அதைப் படித்துவிட்டுத்தான் இங்கே வந்தீர்களா?

யாரோ ஒருவர் செய்ததற்கு என்னைக் கூண்டில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது. ஒருமுறைச் செலவு என்று உங்களை நம்பவைத்தவர்தான் உங்களைக் கைவிட்டார். ஒருமுறைச் செலவு அல்ல என்று சொல்லும் என்னை நீங்கள் திட்டுகிறீர்கள். தளம் கட்ட உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இலவசம்தான், 2003 முதல் இலவசம்தான். கூடுதல் வசதிக்காக அதன் மேல் போடும் செருகுநிரல்களில் பலவற்றுக்கு ஆண்டு உரிமம் வேண்டும். உரிமம் முடிந்தால் பெரும்பாலும் தளம் ஓடும், ஆனால் திருத்தங்கள் வராது, ஓட்டை அடைபடாது. தளம் இருக்கும் வழங்கியிலேயே காப்புப்படியை வைத்திருந்தால், வழங்கி போகும் அன்று காப்புப்படியும் சேர்ந்து போகும். ஆகவே அதற்கு வேறு இடம் வேண்டும், அந்த இடத்துக்கும் வாடகை உண்டு. காப்புப்படியிலிருந்து தளத்தை உண்மையாகவே மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது ஒருவர் செய்து பார்க்க வேண்டும். இணையவழிக் கட்டணம் வாங்கினால் ஒவ்வொரு விற்பனையிலும் கட்டண நிறுவனத்துக்கு ஒரு பங்கு போகும். அது கட்டுமானச் செலவிலும் வராது, ஆண்டுச் செலவிலும் வராது, பொருளின் விலையிலேயே கணக்கிட வேண்டியது.

இனி சான்றிதழுக்கு வருகிறேன். பணம் கொடுத்து வாங்கும் சான்றிதழ் சிறந்தது என்றும் நான் சொல்லவில்லை. விலை உயர்ந்த சில சான்றிதழ்களுக்கு மட்டும் முகவரிப் பட்டையில் நிறுவனப் பெயரைக் காட்டும் வழக்கத்தைக் குரோமும் ஃபயர்பாக்ஸும் 2019-இலேயே கைவிட்டுவிட்டன. ஆனால் விலைக்கு வாங்கினாலும் அதன் ஆயுள் சுருங்கிக்கொண்டே போகிறது. 2020 செப்டம்பரில் உச்சவரம்பு 398 நாள்கள் ஆனது. 2026 மார்ச் 15 முதல் 200, 2027-இல் அதே தேதி முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள்கள் என்று முடிவாகிவிட்டது. 47 நாளைக்கு ஒருமுறை நடக்க வேண்டிய ஒன்றை யாரும் பார்க்க வேண்டியதில்லை என்கிறீர்களா?

பேரேடு:
ஆயுள் குறையக் குறைய யாரும் கையால் செய்ய முடியாது என்பதால் எல்லாம் தானியங்கியாகிவிடும். அப்போது கூலி குறைய வேண்டுமே தவிர ஏன் கூட வேண்டும்?

தச்சன்:
தானியங்கி நின்றால் அதை எழுப்புவது யார்? உங்கள் பேரேடா?

கல்லாப்பெட்டி:
எட்டுப் பத்தி எழுதினாலும் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்த இனத்தின் பெயரை மாற்றுவீர்களா, மாட்டீர்களா?

தச்சன்:
மாட்டேன். பெயரை மாற்றினால் தவறு செய்ததாக ஒப்புக்கொண்டது போலாகும். நான் தவறு செய்யவில்லை.

புதுமுகம்:
மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று பேரேடு ஐயா சொன்னதன்படி கையில் உள்ளதைப் பிரித்துப் பார்க்கிறேன். கட்டுமானத்துக்கே முழுவதும் கொடுத்துவிடாமல் மூன்றில் ஒரு பங்கை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்காக ஒதுக்கி வைத்தால் சரியாக இருக்குமா?

தச்சன்:
பத்துப் பக்கத் தளமா, இணையவழி விற்பனையா என்று தெரியாமல் பங்கு சொல்ல முடியாது. பேரேடு அவர்களைக் கேளுங்கள், அவர்தான் பிரிப்பதில் வல்லவர்.

கல்லாப்பெட்டி:
இன்று வேறொருவரிடம் விலைப்புள்ளி வாங்கினேன். 'சான்றிதழ் - இலவசம்' என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார். நேர்மையானவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

தச்சன்:
அவருடைய ஆண்டுப் பராமரிப்புத் தொகை என்னுடைய பதினொரு இனங்களின் மொத்தத்தைவிடக் கூடுதலா, குறைவா? காப்புப்படி எந்த வழங்கியில் வைக்கப்படும் என்று எழுதியிருக்கிறாரா? டொமைன் யார் பெயரில் இருக்கும் என்று கேட்டீர்களா?

கல்லாப்பெட்டி:
டொமைன் என் பெயரில்தான் இருக்கும், அதைக் கேட்காமல் இனி யாரிடமும் பேசமாட்டேன். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். சான்றிதழ் இலவசம் என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது போதும்.

தச்சன்:
பராமரிப்புத் தொகையைச் சொல்லுங்கள்.