ஃபேஸ்லிஃப்ட் தழும்பு: "ஒரு வருஷம் பொறுங்கள்" என்பதை நம்பிக் காத்திருந்தவர்கள் சொல்லுங்கள்

எனக்கு 57 வயது. ஃபேஸ்லிஃப்ட், அதாவது தொங்கும் முகத்தை இழுத்துச் சீராக்கும் அறுவை, செய்து 14 மாதம் ஆகிறது. முகத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை, தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த சதை போய்விட்டது, கழுத்தும் நன்றாக வந்திருக்கிறது. என்னை வாட்டுவது காதைச் சுற்றி இருக்கும் தழும்புதான். இடது பக்கம் மெல்லிய வெள்ளைக் கோடு, தேடிப் பார்த்தால்தான் தெரியும். வலது பக்கம் காதுக்குப் பின்னால் சணல் கயிறு மாதிரி தடித்துச் சிவந்து கிடக்கிறது, ராத்திரியில் அரிக்கிறது, அந்தப் பக்கம் தலையணையில் சாய முடிவதில்லை. போதாததற்கு அதே பக்கம் தோடு போடும் சதை கன்னத்தோடு ஒட்டி, கீழே பிடித்து இழுத்த மாதிரி நீண்டுவிட்டது.

ஒரே மருத்துவர், ஒரே நாள், ஒரே கை. பிறகு ஏன் இரண்டு பக்கமும் இப்படி வேறு வேறாக ஆகும் என்று கேட்டால் "உங்கள் தோல் அப்படி" என்றார்கள். அது என் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. இரண்டு பக்கமும் என் தோல்தானே?

அரிப்பு ஆரம்பித்தது 6வது வாரம். அப்போதே போய்க் காட்டினேன். "ஒரு வருஷம் ஆகட்டும், தானாக அடங்கும்." 4வது மாதம், 8வது மாதம், ஒவ்வொரு தடவையும் அதே பதில். சொன்னபடி காத்திருந்தேன். போன மாதம் வேறொரு மருத்துவரிடம் போனபோது அவர் சொன்னது: காதுச் சதையைத் தொடாமல் இத்தனை நாள் பொறுத்தது நல்லது, ஆனால் தடித்த தழும்புக்கு அன்றைக்கே மருந்து தொடங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து "தழும்பு" என்று ஒரே பேரில் சொல்லி ஒரே பதிலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், இரண்டும் வேறு வேறு சங்கதி என்று இப்போதுதான் புரிகிறது.

இதைக் கடந்து வந்தவர்கள் உங்களுக்கு என்ன நடந்தது, என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள். வீட்டில் இதைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. "அழகுக்காக நீயே கேட்டு வாங்கிக்கொண்டதுதானே" என்ற பேச்சை ஒரு முறை கேட்டுவிட்டேன், இரண்டாம் முறை கேட்கத் தெம்பு இல்லை.

———

அக்கா, முதலில் அந்தக் கடைசி வரிக்குப் பதில். முகத்தைச் சரி செய்யச் சொல்லித்தான் ஒப்புக்கொண்டோம், ராத்திரி தூக்கம் கெடுக்கும் தழும்புக்கு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வலிக்கிறது, அரிக்கிறது என்றால் அது உடம்புக் கோளாறு, அதற்கு மருந்து கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

எனக்கும் காதுக்குப் பின்னால் இதே மாதிரிதான் தடித்தது. 5வது வாரத்தில் விரலால் தடவும்போது ஒரு மேடு தட்டுப்பட்டது, இரண்டு வாரத்தில் அது ரப்பர் குழாய் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வாய்த்த மருத்துவர் காத்திருக்கவில்லை. இது ஹைப்பர்ட்ரோஃபிக் தழும்பு, வெட்டின கோட்டுக்குள்ளேயே தடிக்கும், வெளியே பரவாது என்று காட்டி விளக்கினார். கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள் வளர ஆரம்பித்தால் அது கீலாய்டு, அதன் போக்கே வேறு, வெறுமனே வெட்டி எடுத்தால் திரும்ப முன்னைவிடப் பெரிதாகக்கூட வளரும். ஆகையால் யாராவது "வெட்டி எடுத்துவிடலாம்" என்று சொன்னால், இது இரண்டில் எது, வெட்டிய பிறகு திரும்ப வராமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு டிரையாம்சினோலோன் ஊசி போட்டார்கள். அது ஸ்டீராய்டு மருந்து, தழும்புக்குள்ளேயே குத்துவார்கள். மறைக்காமல் சொல்கிறேன், வலிக்கும். தடித்த தழும்புக்குள் மருந்து எளிதில் இறங்காது, அழுத்தித்தான் செலுத்த வேண்டும், அந்த அழுத்தம்தான் ஊசி முனையைவிட அதிகமாக வலித்தது. மரத்துப்போக முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம், நான் முதல் தடவை கேட்கத் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை, எனக்கு மொத்தம் 4 தடவை. முதல் ஊசிக்கு அடுத்த வாரமே அரிப்பு நின்றுவிட்டது, மேடு இறங்க மூன்றாவது ஊசி வரை ஆனது.

அளவு மீறினால் அந்த இடம் குழிந்துபோகும், நிறம் வெளுக்கும், மெல்லிய ரத்தக் குழாய்கள் மேலே தெரியும். எனக்குக் கடைசி ஊசியில் ஒரு சின்னக் குழி விழுந்தது, காதுக்குப் பின்னால் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை, காதுக்கு முன்னால் என்றால் நிச்சயம் வருந்தியிருப்பேன். எனவே மேடு தட்டையாகிவிட்டது என்று உங்கள் விரலுக்குத் தெரிந்தவுடன் நீங்களே சொல்லி நிறுத்துங்கள்.

இதோடு சிலிக்கோன் ஷீட், தழும்பின் மேல் ஒட்டும் மெல்லிய தாள். புண் முழுதாக மூடின பிறகுதான் ஒட்ட வேண்டும், ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், 3 மாதமாவது விடாமல். காதுக்குப் பின்னால் அது நிற்காது, வியர்வையில் கழன்று தலைமுடியில் ஒட்டிக்கொள்ளும். நான் பகலில் ஜெல், இரவில் ஷீட் என்று மாற்றிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் அதன் காம்பு சரியாக அந்த இடத்தில்தான் உரசும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

———

இங்கே ஆண்கள் யாரும் எழுதுவதில்லை என்று நினைக்கிறேன், நான் எழுதுகிறேன். 61 வயது, செய்து மூன்று வருஷம் ஆகிறது.

"உங்கள் தோல் அப்படி" என்ற பதில் எனக்கும் கிடைத்தது. நான் அதைப் பாதிதான் நம்புகிறேன். தோலுக்குக் கீழே எஸ்.எம்.ஏ.எஸ். என்று ஒரு சவ்வு மாதிரியான அடுக்கு இருக்கிறது, 1976இல்தான் அதை மருத்துவ உலகில் தனியாக விவரித்தார்கள். இழுவை முழுவதையும் அந்த அடுக்கு தாங்கவேண்டும், மேல்தோலை அதன் மேல் சும்மா போர்த்தித் தைக்கவேண்டும். மேல்தோலையே இழுத்துத் தைத்தால் தையல் பிரித்த பிறகும் அந்த இழுவை ராப்பகலாகத் தழும்பின் மேல் வேலை செய்துகொண்டே இருக்கும், கோடு அகலமாகும். அக்காவின் காதுச் சதை கீழே இறங்கியதும் பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். ஒரு பக்கம் நூல் போல, மறுபக்கம் கயிறு போல என்றால் தோலை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. வலது பக்கத்தில் ரத்தம் கட்டியதா, புண் ஆற நாளானதா என்று உங்கள் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள்.

எனக்கு நடந்தது அதுதான். அன்று இரவே ஒரு பக்கம் ரத்தம் கட்டி முகம் பந்து மாதிரி வீங்கியது, மறுபடி திறந்து எடுத்தார்கள். ஃபேஸ்லிஃப்டில் அதிகமாக வரும் சிக்கலே இதுதான், ஆண்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இன்னும் அதிகம். எனக்கு இரண்டும். அத்துடன் நான் அப்போது புகைபிடிப்பவன், நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டு அறுவைக்கு நான்கு நாள் முன்பு வரை பிடித்தேன். காதுக்குப் பின்னால் உள்ள தோலுக்கு ரத்த ஓட்டமே சொற்பம், நிகோடின் அதையும் சுருக்கிவிடும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து உரிந்தது, ஆற 7 வாரம் ஆனது, ஆறின இடத்தில் அகலமான பளபளப்பான தழும்பு. அந்த நான்கு நாளைப் பற்றி நான் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இதைப் படிப்பவர்களில் புகைபிடிப்பவர்கள் இருந்தால், அறுவையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன், கெஞ்சியே கேட்கிறேன்.

ஆண்களுக்கு இன்னொன்று. தோலை மேலும் பின்னும் நகர்த்தும்போது தாடி வளரும் தோலும் கூடவே நகர்ந்து போகும். நான் இப்போது காதுக்குப் பின்னால் சவரம் செய்கிறேன். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் குருத்தெலும்பு மேட்டுக்கு உள்பக்கமாக வெட்டினால் அதன் மேலேயே தாடி முளைக்கும், அதனால்தான் நமக்கு அந்த மேட்டுக்கு முன்னால் உள்ள மடிப்பில் வெட்டுவது வழக்கம். கிருதாவும் பாதி போய்விட்டது. முதல் சில மாதங்களில் கொட்டும் முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும், தழும்பிலேயே வேர் போய்விட்டால் முளைக்காது. நான் ஒன்றரை வருஷம் கழித்து அந்த இடத்தில் முடி நடச் செய்தேன். தழும்புத் தோலில் நட்டது எல்லாம் பிடிக்காது, எனக்கு இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது, ஆனால் இப்போது முடிவெட்டுபவர்கூடக் கேள்வி கேட்பதில்லை.

———

காது இழுத்துக்கொண்ட விஷயத்துக்கு நான் பதில் சொல்ல முடியும், எனக்கு இரண்டு காதும் அப்படித்தான் ஆனது. இதற்குப் பேரே இருக்கிறது, பிக்சி இயர் என்பார்கள். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது, கன்னத்துத் தோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சதையைக் கீழே இழுத்துக்கொண்டே போனது. கண்ணாடியில் தினம் பார்ப்பதால் எனக்கே தெரியவில்லை, பழைய போட்டோவோடு வைத்துப் பார்த்தபோதுதான் பகீரென்றது.

இதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். இழுவை அடங்கி, கன்னத்துத் தோல் கொஞ்சம் நெகிழ்ந்தால்தான் சரிசெய்ய இடம் கிடைக்கும், 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை பொறுக்கச் சொல்வது அதற்காக. நான் 10 மாதத்தில் செய்துகொண்டேன். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சதையைக் கன்னத்திலிருந்து விடுவித்து, மேலே தூக்கி வட்டமாகத் தைத்தார்கள். ஒரு காதுக்கு முக்கால் மணி நேரம் போல ஆனது. கீழே ஒரு சின்னக் கோடு கூடுதலாக வந்தது, அதை மருத்துவர் முன்பே வரைந்து காட்டியிருந்தார், அதனால் மனம் கலங்கவில்லை. தோடு ஓட்டை கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று. முதல் தடவை செய்தவரிடமே போவதா, வேறொருவரிடம் போவதா என்று நான் மூன்று மாதம் குழம்பினேன். கடைசியில் முதலாமவரிடமே போய், "எது இழுக்கிறது, இப்போது எவ்வளவு தோல் மிச்சம் இருக்கிறது, இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்" என்று கேட்டேன். நேரடியாகப் பதில் வரவில்லை, கோபம்தான் வந்தது. வெளியே வந்துவிட்டேன். இரண்டாமவர் கேட்காமலேயே என் காதைத் தூக்கிப் பிடித்துக் கண்ணாடியில் காட்டினார்.

அப்புறம், வைட்டமின் ஈ எண்ணெய் தடவுங்கள் என்று யார் சொன்னாலும் வேண்டாம். நான் தடவி, கொப்புளம் வந்து சிவந்து, இருந்த தழும்போடு அலர்ஜியும் சேர்ந்தது. 1999இல் சிறிய அளவில் ஒரு ஆய்வு செய்தபோது பலன் இல்லை, மூன்றில் ஒருவருக்கு என்னைப் போலவே ஒவ்வாமை வந்தது என்று என் தோல் மருத்துவர் பிறகு சொன்னார்.

———

சுருக்கமாக எழுதுகிறேன். நான் கறுப்பு நிறம். காதுக்கு முன்னால் சிவப்பு போகவில்லை என்று லேசர் செய்துகொண்டேன். சிவப்பு போனது, அந்த இடம் முழுக்கக் கருமை படிந்து எட்டு மாதம் இருந்தது. சிவப்புக்குப் போடும் லேசர் வேறு, மேடு பள்ளத்துக்குப் போடும் லேசர் வேறு, நம் மாதிரி தோலுக்கு அளவைக் குறைத்து, முதலில் ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு யாரும் அப்படிப் பார்க்கவில்லை. வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தினமும், காதுக்கு முன்னாலும் பின்னாலும். முகத்துக்குப் போட்டுவிட்டுக் காதை மறந்துவிடுகிறோம்.

———

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். ஐயா சொன்னபடி பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். வலது பக்கம் 2வது நாள் தேங்கிய ரத்தத்தை ஊசி வைத்து உறிஞ்சி எடுத்ததாக அதில் எழுதியிருக்கிறது. எனக்கு அரைகுறை மயக்கம், "கொஞ்சம் நீர் எடுக்கிறோம்" என்றுதான் காதில் விழுந்தது. அது ஒன்றுதான் காரணம் என்று இப்போது பார்க்கும் மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பக்கம் வீங்கி ஆறியது என்று தெரிந்ததில் எனக்கு ஏதோ ஒரு பாரம் இறங்கியது. என் தோல்மேல் நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், 14 மாதமாக.

போன வெள்ளிக்கிழமை முதல் ஊசி போட்டாயிற்று. மரத்துப்போகும் மருந்தை நானே கேட்டு வாங்கினேன், தங்கைக்கு நன்றி. தாமதமாகத் தொடங்கியதால் ஆறு மாதத்துத் தழும்பு மாதிரி சீக்கிரம் இறங்காது, ஆனால் இறங்கும் என்றார். இன்றைக்கு 6வது நாள், மேடு அப்படியேதான் இருக்கிறது, அரிப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. நேற்று ராத்திரி வலது பக்கம் சாய்ந்து படுத்து இரண்டு மணி நேரம் தூங்கினேன். காதுச் சதையை ஊசியெல்லாம் முடிந்து, தழும்பு தட்டையான பிறகுதான் தொடுவதாகச் சொல்லியிருக்கிறார், அதே இடத்தில் மறுபடி தடிக்குமா என்று முதலில் பார்க்கவேண்டுமாம். அந்தக் காத்திருப்புக்குக் காரணம் சொல்லியிருக்கிறார், அதனால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. அடுத்த ஊசி 5 வாரம் கழித்து, போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.