சிலியா படத்தில் 9+2 வரவில்லை, மூன்று மூன்றாக வருகிறது. நடுவும் காலி. உதவுங்கள்

கேள்வி

வணக்கம். இளநிலை விலங்கியல் படிக்கிறேன். செய்முறைத் தேர்வுக்கு நான்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் கொடுத்திருக்கிறார்கள். நான்குக்கும் ஒரே தலைப்பு: "சிலியா, குறுக்குவெட்டு". சிலியா என்றால் செல்லின் மேற்பரப்பிலிருந்து நீளும் நுண்ணிய மயிரிழைகள். முதல் படம் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது. சுற்றிலும் ஒன்பது இரட்டைக் குழல்கள், நடுவில் இரண்டு தனிக்குழல்கள், அதாவது 9+2.

இரண்டாவதில்தான் மாட்டிக்கொண்டேன். ஒன்பது கொத்து சரி, ஆனால் கொத்துக்கு மூன்று குழல். ஒவ்வொன்றும் காற்றாடி இறக்கை போலச் சாய்ந்து நிற்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் இரட்டைகள் இருக்கின்றன, நடு ஜோடியைக் காணோம். ஐந்து தடவை எண்ணிவிட்டேன். தலைப்பு தப்பா, நான் தப்பா?

பதில்

இரண்டுமே தப்பில்லை தம்பி. வெட்டிய உயரம் வேறு. சிலியாவை ஒரே குழாயாக நினைக்காதீர்கள். அதன் அடிப்பகுதி செல்லுக்குள் புதைந்திருக்கிறது. அதுதான் பேசல் பாடி. சென்ட்ரியோல் என்ற குட்டி உருளை உறுப்பு செல்லின் விளிம்புக்கு வந்து ஊன்றிக்கொண்டால் அதற்கு இந்தப் பெயர். அதனால்தான் அதே ஒன்பது மும்மைகள், அதே காலி நடு.

மும்மையில் உள்ள குழல்களை உள்ளிருந்து ஏ, பி, சி என்பார்கள். ஏ முழு வட்டம், சுவரில் 13 இழைகள். பி அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு 10 இழைகளோடு நிற்கும். மேலே போகப் போக சி நின்றுவிடும், ஏ-யும் பி-யும் மட்டும் சிலியாவுக்குள் தொடரும். உங்கள் முதல் படத்தின் இரட்டைகள் இவைதான்.

சரிபார்க்க ஒரு வழி: படத்தைச் சுற்றிச் செல்சவ்வு இருக்கிறதா பாருங்கள். பேசல் பாடி சைட்டோபிளாசத்துக்குள் இருப்பதால் அதைச் சவ்வு சுற்றியிருக்காது.

கேள்வி கேட்டவர்

அக்கா, இரண்டாவதில் சவ்வு இல்லை! மூன்றாவதில் இருக்கிறது. அப்போது அது அசையாத முதன்மை சிலியாவா? 9+0 என்றாலே அசையாது என்று எழுதலாமா?

இன்னொருவர்

அப்படி எழுதாதீர்கள். கருவில் இட வலத்தைத் தீர்மானிக்கும் சிலியாக்களில் பலவற்றுக்கு நடு ஜோடி கிடையாது, ஆனாலும் அவை சுழல்கின்றன. அசைவைத் தருவது டைனீன் என்ற புரதம். ஏ குழலிலிருந்து பக்கத்து இரட்டையை நோக்கி நீளும் இரண்டு குட்டிக் கைகள் தெரியும், அதுதான். 1971-இல் சம்மர்ஸும் கிப்பன்ஸும் கடல் முள்ளெலியின் விந்தணு வாலை எடுத்து, இரட்டைகளைப் பிணைத்திருந்த இணைப்புகளை டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியால் அறுத்துவிட்டு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி கொடுத்தார்கள். வால் வளையவில்லை, இரட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நீண்டுகொண்டே போயின. பிணைப்பு இருக்கும்போது அந்த வழுக்கல்தான் வளைவாக மாறுகிறது. எனக்கு உயிரியலில் மிகப் பிடித்த சோதனை இது.

டைனீன் கைகள் இல்லாமல் பிறப்பவர்களும் உண்டு. ஓயாத சளித்தொல்லை, அசையாத விந்தணு, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் இடம் வலம் மாறியிருக்கும். நான்கு வரி எழுதக் கேட்டால் இதை எழுதுங்கள்.

முதலில் பதில் சொன்னவர்

மூன்றாவது படத்துக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. பேசல் பாடிக்குச் சற்று மேலே, நடு ஜோடி தொடங்குவதற்கு முன், ஓர் இடைப்பகுதி இருக்கிறது. அங்கே ஒவ்வோர் இரட்டையையும் சவ்வோடு கட்டும் ஒய் வடிவ இணைப்புகள் தெரியும். பெரிதாக்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

பார்த்துவிட்டேன். டைனீன் கைகள் இல்லை, ஒய் இருக்கிறது, ஏழு இடத்தில் தெளிவாகத் தெரிகிறது. இடைப்பகுதி என்றே எழுதுகிறேன்.

நான்காவது படத்தை அழுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். சின்ன வட்டம், சவ்வு உண்டு, உள்ளே சில இரட்டை, சில ஒற்றை. நுனிக்குப் பக்கத்தில் பி குழல் முதலில் நின்றுபோய் ஏ மட்டும் மிஞ்சுகிறது, அப்படித்தானே?

முதலில் பதில் சொன்னவர்

அப்படித்தான். நான்கையும் உயர வரிசைப்படி அடுக்கி ஒட்டுங்கள்: இரண்டு, மூன்று, ஒன்று, நான்கு.